வைமானிக சாஸ்திரமும் ஐவர் ஆராய்ச்சியும்

பரத்துவாச முனிவர் அருளியதென வழங்கும் 'வைமானிக சாஸ்திரம்' என்னும் நூலை, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்த எச். எஸ். முகுந்தா முதலிய ஐவர் 1974-இல் ஆராய்ந்து, தம் முடிவை யாவரும் காண வெளியிட்டனர். நூலை எள்ளி ஒதுக்குதல் அவர்களுக்கு எளிதாயிருந்திருக்கும். அவர்களோ பொறுமையுடன் சுலோகங்களின் நடையை நோக்கினர். நூலைச் சொல்லிய சுப்பராய சாஸ்திரியின் வரலாற்றைத் தேடினர். நூல் 1904-க்கு முற்பட்டதன்று. படங்கள் உள்ளூர்ப் பொறியியற் கல்லூரிப் படவரைவாளர் ஒருவர் வரைந்தவை. சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என்னும் நான்கு விமானங்களுள் ஒன்றேனும் பறக்கவல்லதன்று எனவும் கண்டனர்.

எனினும், 2015 ஜனவரியில் மும்பை இந்திய விஞ்ஞான மாநாட்டில் அதே நூலைச் சான்றாக்கி உரை நிகழ்ந்தது! சஞ்சிகைக் கட்டுரையைத் துறைவல்லார் பார்த்தே அச்சேற்றுவர். மேடைக்கும் கடைவீதிப் புத்தகத்துக்கும் அக்காவல் இல்லை. ஆண்டு பல கழிந்தாலும் விஞ்ஞானிகள் மீண்டும் வாய் திறக்கவே வேண்டியுள்ளது.

மாணவன் இந்நூலைக் கொணர்ந்து வினவினால், 'பொய்' என்னும் ஒரு சொல் அவனுக்குப் போதாது. ஓரிடத்தில் நின்று மேலெழும் ஊர்தி, நொடிதோறும் கீழே தள்ளும் காற்றின் உந்தம் தன் எடைக்கேனும் ஈடாதல் வேண்டும். இக்கணக்கைக் கரும்பலகையில் அவனையே போடச் சொல்லலாம்.