பனிநிலமும் எட்டாத சட்டமும்

ஐஸ்லாந்தின் மலையிடுக்கு ஊர்கள், கிரீன்லாந்தின் கடற்கரைகள், அலாஸ்காவின் சுரங்க நகரங்கள், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துப் பழங்குடிக் காப்பு நிலங்கள் ஆகியவற்றைக் களமாகக் கொண்ட குற்றப் புனைவுகள், கடந்த முப்பது ஆண்டுகளில் நாவல், தொலைக்காட்சித் தொடர், திரைப்படம் என மூன்று வடிவங்களிலும் பெருகி, தனியொரு வகையாகவே கருதப்படும் அளவுக்கு வளர்ந்திருக்கின்றன. இவற்றின் ஈர்ப்புக்கு இருளும் குளிரும் தனிமையுமே காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அந்தக் கூற்று இவ்வகையின் மேலோட்டமான படைப்புகளுக்கே முழுமையாகப் பொருந்தும். நிலைத்து நிற்கும் படைப்புகள் இன்னும் ஆழமான ஒன்றைக் கேட்கின்றன: தலைநகரத்திலிருந்து வெகு தொலைவில் வாழும் மக்களிடம் சட்டம் எப்போது வந்து சேர்கிறது, வந்து சேரும்போது அது யாருடைய சட்டமாக இருக்கிறது?

தொடக்க காலத்தில் பனி என்பது கதவை அடைக்கும் பூட்டாக மட்டுமே பயன்பட்டது. அகதா கிறிஸ்டி 1934-இல் வெளியிட்ட ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் நாவலில், பனிக்குவியலில் சிக்கி ரயில் நின்றுவிடுவதால் கொலையாளி வெளியேற முடிவதில்லை, காவல் துறை உள்ளே வர முடிவதில்லை. சந்தேகத்துக்குரியவர்களின் எண்ணிக்கை ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. அடைபட்ட களம் எனப்படும் இந்த உத்தியை ஐஸ்லாந்துக்குக் கொண்டு சென்றவர்களுள் ராக்னர் யோனாசன் முக்கியமானவர். அவர் பதினேழு வயதிலேயே கிறிஸ்டியின் நாவல்களைத் தம் மொழியில் பெயர்க்கத் தொடங்கியவர். 2010-இல் வெளிவந்த அவருடைய 'ஸ்னோபிளைண்ட்', நாட்டின் வட கோடியிலுள்ள சிக்லுஃபியோர்துர் என்ற மீனவர் ஊரில் நிகழ்கிறது. ஒரு காலத்தில் ஹெர்ரிங் மீன்வளத்தால் செழித்து, 1960-களின் இறுதியில் மீன் வரத்து நின்றதும் தளர்ந்துபோன அந்த ஊரில், நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதிவரை சூரியன் மலைகளுக்குப் பின்னால் மறைந்தே கிடக்கிறது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்த தொல்காப்பிய மரபில் பழகிய வாசகருக்கு, இத்தகைய கதைகளில் மனிதரின் மனநிலை நிலத்திலிருந்தும் பொழுதிலிருந்தும் முளைப்பது இயல்பாகவே புரியும். நார்வேத் திரைப்படமான 'இன்சோம்னியா' (1997) அதை மறுதலையாகக் காட்டுகிறது: அங்கே நள்ளிரவிலும் மறையாத சூரியனே துப்பறிவாளரின் உறக்கத்தைப் பறித்து, அவர் மறைத்து வைத்திருக்கும் குற்றத்தை அவருக்கே ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கிறது.

குளிர் தடயத்தின் இலக்கணத்தையும் மாற்றிவிடுகிறது. உடலின் வெப்பம் இறங்கும் வேகம், தசைகளின் விறைப்பு, அழுகலின் நிலை ஆகியவற்றைக் கொண்டே இறந்த நேரத்தைத் தடயவியல் மருத்துவர்கள் கணிக்கின்றனர். உறைந்த உடலிலோ இந்த அளவுகோல்கள் பயன்படுவதில்லை. உடற்கூறாய்வு தொடங்குவதற்கே உடலைப் பல நாள்கள் மெல்ல மெல்ல உருக விட வேண்டும். இதைவிடக் குழப்பம் தருவது, குளிரில் இறப்பவர்களுள் சிலர் கடைசி நிமிடங்களில் தம் ஆடைகளைத் தாமே களைந்துவிடுவது. வெப்பத்தைக் காப்பதற்காகச் சுருங்கியிருந்த தோலின் இரத்தக் குழாய்கள் சோர்ந்து தளரும்போது, உடல் எரிவதுபோன்ற பொய்யான வெம்மை தோன்றுவதே இதற்குக் காரணம் என்று மருத்துவர்கள் விளக்குகின்றனர். பனியில் ஆடையின்றிக் கிடக்கும் பெண்ணின் உடலைப் பார்க்கும் காவலர், அது வன்முறையின் விளைவா, குளிரின் விளைவா என்று கண்ணால் மட்டும் கண்டு தீர்மானிக்க முடியாது. 2024-இல் வெளிவந்த 'ட்ரூ டிடெக்டிவ்: நைட் கன்ட்ரி' தொடரில், ஆய்வு நிலையத்து விஞ்ஞானிகளின் உடல்கள் ஒன்றோடொன்று உறைந்து ஒரே பாளமாகக் கிடைக்கின்றன. அவற்றை உள்ளூர் பனிச்சறுக்கு அரங்கில் வைத்து உருக்குவதா, அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்து அதிகாரிகளிடம் ஒப்படைப்பதா என்று எழும் இழுபறியில், தடயவியல் சிக்கல் அதிகாரச் சிக்கலாக மாறுகிறது.

இது கதாசிரியர்களின் கற்பனை மட்டுமே என்று ஒதுக்கிவிட முடியாது. 1970 ஜூலையில், ஆர்க்டிக் பெருங்கடலில் மிதந்துகொண்டிருந்த டி-3 என்ற பனித்தீவில், அமெரிக்க ஆய்வு முகாமைச் சேர்ந்த ஒருவர் மது தொடர்பான தகராறின்போது துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தார். அது எந்த நாட்டின் நிலமும் அன்று. மிதந்தாலும் கப்பலும் அன்று. கடலின் போக்கில் நாளும் இடம் மாறிக்கொண்டிருந்த பனித்திட்டு. சுட்டவர் வர்ஜீனியா மாநிலத்துக்குக் கொண்டுவரப்பட்டு, கொல்லும் நோக்கமற்ற மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். ஆனால் 1972-இல் மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள், அமெரிக்க நீதிமன்றத்துக்கு அந்தப் பனியின்மீது அதிகாரம் உண்டா என்ற கேள்வியில் சரிபாதியாகப் பிரிந்து நின்றனர். விசாரணையில் நேர்ந்த பிழைகளுக்காகவே தண்டனை நீக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று, காவலரும் மருத்துவ வசதியும் இல்லாத அந்த முகாமின் சூழலைக் கொண்டே ஒருவரின் கவனக்குறைவை அளக்க வேண்டும் என்பது நடுவர் குழுவுக்கு விளக்கப்படாதது. குற்றத்தை எடைபோட நிலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்ட இந்த வழக்கு, பனி நிலக் குற்றக் கதை எழுத முனையும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஒன்று.

மிதக்கும் பனிக்கட்டியில் எழுந்த ஐயம், மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் நிலத்திலும் எழுகிறது என்பதே டெய்லர் ஷெரிடன் இயக்கிய 'விண்ட் ரிவர்' (2017) திரைப்படத்தின் பலம். வயோமிங்கின் பழங்குடிக் காப்பு நிலத்துப் பனிவெளியில் வெறுங்காலுடன் ஓடி இறந்து கிடக்கும் பழங்குடிப் பெண்ணின் உடலை ஆராயும் மருத்துவர், அவள் வல்லுறவுக்கு ஆளானது தெரிந்தும், மரணத்தின் நேரடிக் காரணம் கடுங்குளிர்க் காற்றால் நுரையீரலில் ஏற்பட்ட இரத்தக்கசிவு என்பதால், கொலை என்று சான்றளிக்க இயலாமல் நிற்கிறார். கொலை என்ற சொல் சான்றிதழில் இல்லாவிட்டால், தனியாக வந்திருக்கும் எஃப்.பி.ஐ. அதிகாரிக்குத் துணையாக வேறு யாரும் அனுப்பப்படமாட்டார்கள். அந்தப் பரந்த நிலத்தைக் காப்பதற்கு இருப்பவர்களோ கைவிரலில் எண்ணிவிடக்கூடிய பழங்குடிக் காவலர்கள். ஒரு சொல்லைப் பற்றிய இந்தச் சிறு காட்சிக்குப் பின்னால் நீண்ட சட்ட வரலாறு இருக்கிறது. 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, காப்பு நிலத்தில் குற்றம் புரியும் பழங்குடியல்லாதவரைப் பழங்குடி நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்றது. 2013-இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் குடும்ப வன்முறை போன்ற சில குற்றங்களுக்கு மட்டும் அந்த அதிகாரத்தை மீட்டளித்தது. இன்னும் சில குற்றங்கள் 2022-இல் சேர்க்கப்பட்டன. இருப்பினும், இறந்த பெண்ணை ஓர் உடலாகவும், அவளுக்காக நீதி தேடும் பொறுப்பை வெள்ளையின வேட்டைக்காரர் ஒருவரிடமும் திரைப்படம் விட்டுவிடுவது, அது எழுப்பும் கேள்வியையே பாதியில் கைவிடுவதாகும்.

டென்மார்க் எழுத்தாளர் பீட்டர் ஹோ 1992-இல் வெளியிட்ட ஸ்மிலா நாவல் இந்தக் குறையைத் தவிர்க்கிறது. கோபன்ஹேகனில் கூரையிலிருந்து விழுந்து இறந்த கிரீன்லாந்துச் சிறுவனின் மரணத்தை விபத்து என்று காவல் துறை முடித்துவிட, கிரீன்லாந்துத் தாய்க்கும் டேனிஷ் தந்தைக்கும் பிறந்த ஸ்மிலா, கூரைப் பனியில் பதிந்த காலடிகளைப் பார்த்து அது விளையாடிய பிள்ளையின் காலடி அன்று, துரத்தப்பட்ட பிள்ளையின் காலடி என்று உணர்கிறாள். அவளுடைய தேடல் கிரையோலைட் நிறுவனம் ஒன்றை நோக்கிச் செல்வதும் தற்செயல் அன்று: அலுமினியம் பிரித்தெடுக்க உதவும் அந்தக் கனிமத்தைக் கிரீன்லாந்தின் இவிட்டூட் சுரங்கம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தோண்டிக் கொடுத்து, 1987-இல் மூடப்பட்டது. தலைநகரத்தின் கை கனிமத்தோடு நின்றுவிடவில்லை: டென்மார்க்கின் குடியேற்ற நாடு என்ற நிலை 1953-இல் ஏட்டளவில் நீங்கிய பிறகும், 1960-களிலும் 1970-களிலும் கிரீன்லாந்துப் பெண்கள் பலருக்கு, சிறுமியர் உட்பட, உரிய ஒப்புதலின்றிக் கருத்தடைச் சாதனங்கள் பொருத்தப்பட்டன. டென்மார்க் அரசு அதற்காக மன்னிப்புக் கேட்டது 2025-இல்தான். நாவலின் பிற்பகுதி அறிவியல் சாகசமாகத் தடம் மாறித் தளர்ந்துபோவது உண்மையே. எனினும், பனியை வாசிக்கத் தெரிந்தவளின் அறிவைத் தலைநகரம் சாட்சியமாக ஏற்க மறுப்பதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன குற்ற நாவல் வேறொன்றைக் காண்பது அரிது.

இந்தப் பின்னணியில் பார்க்கும்போது, அண்மைக் காலத் தொடர்கள் பலவும் ஏமாற்றமே தருகின்றன. 'நைட் கன்ட்ரி' அலாஸ்காவின் இன்யுபியாட் மக்களையும், சுரங்கத்தால் மாசுபடும் அவர்களுடைய குடிநீரையும் கதையின் நடுவில் வைத்தது பாராட்டத்தக்கது. ஆனால் அதன் பெரும்பகுதி படமாக்கப்பட்டது ஐஸ்லாந்தில். படப்பிடிப்புச் செலவில் ஒரு பங்கை அரசே திருப்பித் தரும் ஐஸ்லாந்து, உலகத் திரைத்துறைக்குப் பொதுவான பனிநிலமாக மாறிவருகிறது. ஒரே மலைச்சரிவு ஓராண்டு அலாஸ்காவாகவும் மறு ஆண்டு வேறு நாடாகவும் நடிக்கும்போது, அந்தந்த நிலத்துக்கே உரிய சட்டமும் பகையும் கடனும் கதையிலிருந்து நழுவிவிடுகின்றன.

நழுவவிடாத எழுத்து, அங்கேயே பிறந்தவர்களிடமிருந்து வரத் தொடங்கியிருக்கிறது. ஸ்வீடனின் வட கோடியிலுள்ள கிருனா நகரில் பிறந்த சாமி பழங்குடி எழுத்தாளர் ஆன்-ஹெலன் லேஸ்டாடியுஸ் 2021-இல் வெளியிட்ட 'ஸ்டோலன்' நாவலில், ஒன்பது வயதுச் சிறுமி எல்சா தன்னுடைய துருவ மான்கன்று கொல்லப்படுவதைக் கண்ணால் பார்க்கிறாள்; கொன்றவன் அவளை மிரட்டி வாய்மூட வைக்கிறான். சாமி குடும்பங்களின் மான்கள் தொடர்ந்து சித்திரவதை செய்து கொல்லப்படுவது அந்தச் சமூகத்தின்மீதான வெறுப்பின் வெளிப்பாடு என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். காவல் துறையின் பார்வையில் மான் ஒரு சொத்து, ஆகவே அது கொல்லப்படுவது ஒரு திருட்டு. திருட்டு சிறு குற்றம் என்பதால், நெடுந்தொலைவிலுள்ள நிலையத்தில் புகார்கள் விசாரணையின்றியே மூடப்படுகின்றன. இந்த நாவலில் புதிரே கிடையாது. கொன்றவன் யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. பத்தாண்டுகளுக்குப் பின், வளர்ந்துவிட்ட எல்சா வெளிப்படையாகப் பேச முன்வரும்போது மிரட்டல் அவளை நோக்கியே திரும்புகிறது. அப்போதும் அவளும் அவளுடைய குடும்பத்தாரும் காவல் துறையிடம் கேட்பது கொலைகாரனின் பெயரை அன்று, நடந்ததைக் குற்றம் என்று பதிவு செய்ய வேண்டும் என்பதைத்தான்.