மாத்திரையின் வேலையும் பெண்ணின் மேல் பழியும்

மனோவியாதிக்கு மருந்து சாப்பிட்டு வரும் கலியாணமாகாத பெண் ஒருத்திக்கு மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை, மார்பில் பால் கசிகின்றது என்று வைத்துக்கொள்ளுவோம். அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தாயார் முதலில் பெண்ணின் வயிற்றைப் பார்ப்பாள். பிறகு தெருவைப் பார்ப்பாள். பாட்டி, காற்றுக் கருப்பு என்பாள். தகப்பனோ “யார் அவன்?” என்று கையை ஓங்குவான். இத்தனை பேரில் ஒருவருக்காவது, தினமும் இராத்திரி தாங்களே கையில் கொடுத்து விழுங்கச் செய்கின்ற மாத்திரையின் மேல் சந்தேகம் வருமா என்று கேட்கின்றோம்.

வாஸ்தவம் என்னவென்றால், பெரும்பாலும் அது மாத்திரையின் வேலையேயாகும். இம்மருந்துகள் மூளையில் டோபமைன் என்னும் இரசாயனப் பொருள் வேலை செய்யும் இடத்தை அடைக்கின்றன. அதனால் காதில் குரல் கேட்பதும், வீண் சந்தேகமும் அடங்குகின்றன. ஆனால் மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குக் கடிவாளம் போட்டு வைத்திருப்பதும் அதே டோபமைன்தான். கடிவாளம் தளர்ந்தவுடன் புரோலாக்டின் என்னும் சுரப்பு அளவு கடந்து பெருகுகின்றது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் செய்வது எதுவோ, அதுவே இது. பிள்ளை பெறாதவளிடத்திலும் அது தன் வேலையைச் செய்து, மாதவிடாயையும் நிறுத்திவிடுகின்றது. வருஷக்கணக்கில் இப்படியே விட்டால் எலும்பும் பலவீனப்படும். இதில் கற்பு எங்கே வந்தது? பேய்தான் எங்கே வந்தது?

ஆண்கள் இதைப் படித்துவிட்டு, இது பெண்கள் சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். அவர்களுக்கும் இதே காரணத்தால் இச்சை குறையும், ஆண்மை தளரும். சிலருக்கு மார்பு வளரும். பெண்சாதியிடம் சொல்ல வெட்கம், டாக்டரிடம் சொல்லவும் வெட்கம். ஆகவே ஒருவருக்கும் சொல்லாமல் மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிடுகின்றான். வியாதி திரும்பி வருகின்றது. “இங்கிலீஷ் மருந்து பலிக்கவில்லை” என்று வீட்டார் அவனை மந்திரவாதியிடம் இழுத்துக்கொண்டு போகின்றார்கள். அப்படிப் போன இடங்களில் ஒன்றான ஏர்வாடியில், 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி, கொட்டகையில் சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்தவர்களில் 28 பேர் தீயில் வெந்து மாண்டதை நம் ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகையால் மருந்தே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. 1952-ல் பாரிஸ் நகரத்துச் செயின்ட் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்னும் இரு வைத்தியர்கள் குளோர்ப்புரோமசின் கொடுத்துப் பார்த்த பிறகே, பைத்தியம் என்று பூட்டி வைக்கப்பட்டிருந்தவர்களில் பலர் வீடு திரும்ப வழி பிறந்தது. மருந்து நல்லதுதான், அதன் கெடுதியை மூடி வைப்பதுதான் அக்கிரமம். ரிஸ்பெரிடோன் சாப்பிட்டு மார்பு வளர்ந்த அமெரிக்கப் பையன்கள் ஆயிரக்கணக்கில் வழக்குத் தொடுத்தார்கள். 2019-ல் பிலடெல்பியா ஜூரிகள், சரியாக எச்சரிக்கை செய்யாததற்காக, ஒரே ஒருவனுக்கு 800 கோடி டாலர் கொடுக்கும்படி கம்பெனிக்குச் சொன்னார்கள். அடுத்த வருஷமே நீதிபதி அதை 68 லட்சமாகக் குறைத்துவிட்டார் என்பது வேறு சங்கதி.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு, கொடுக்கப்போகும் வைத்தியத்தின் தெரிந்த கெடுதிகளை அறிந்துகொள்ள வியாதியஸ்தருக்கு உரிமை உண்டு என்கின்றது. ஆனால் கூட்டம் நிரம்பிய ஆஸ்பத்திரியில், “தூக்கம் வருகிறதா? சாப்பிடுகிறாயா?” என்ற இரண்டு கேள்வியோடு சீட்டு எழுதியாகிவிடுகின்றது. மாதவிடாய் ஒழுங்காக வருகின்றதா என்று கேட்பவர் எத்தனை பேர்? பெண்ணும் தகப்பன் பக்கத்தில் நிற்கும்போது வாயைத் திறப்பாளா?

வழி இருக்கின்றது. முதலில் கர்ப்பமா இல்லையா என்று சோதித்துவிட்டு, இரத்தத்தில் புரோலாக்டின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். தைராய்டுக் கோளாறாலும், பிட்யூட்டரியில் கட்டியாலும் அது ஏறக்கூடுமாதலால் அவற்றையும் பார்ப்பார்கள். மருந்துதான் காரணமென்றால் அளவைக் குறைக்கலாம், அல்லது வேறு மருந்துக்கு மாற்றலாம். ரிஸ்பெரிடோன், பாலிபெரிடோன், அமிசல்பிரைடு ஆகியவை புரோலாக்டினை அதிகமாக ஏற்றுபவை. குவெடியபின் அவ்வளவு ஏற்றுவதில்லை. அரிப்பிப்ரசோல் இறக்கவே செய்யும். ஒலான்சபினில் இத்தொல்லை குறைவென்றாலும் உடம்பு பருத்துச் சர்க்கரை வியாதிக்கு இடமுண்டு. எது யாருக்கு என்பது டாக்டர் பார்த்துச் செய்ய வேண்டியது. தானாக ஒரு நாளில் நிறுத்தினால் பழைய வியாதியே வந்து சேரும்.

இன்னொன்றையும் சொல்லி வைக்கின்றோம். மருந்து மாற்றினவுடன் மாதவிடாய் திரும்பும் முன்பே கர்ப்பம் தரித்துவிடக் கூடும். கலியாணமான பெண்ணுக்குப் பிள்ளை வேண்டாமென்றால், மருந்து மாற்றுகின்ற அன்றைக்கே கர்ப்பத்தடைக்கும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது.