பயணத்தின் படங்களும் ஓர் அமானிதமே

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அத்தாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு குடும்பத்துடன் உம்ராவுக்குச் சென்றோம். மக்காவில் நாட்களை நிறைவுசெய்து மதீனாவுக்குப் புறப்பட்ட பேருந்திலோ, வழியில் தொழுகைக்காக இறங்கிய இடத்திலோ எங்கள் கைபேசி ஒன்று தவறிப்போனது. அன்று அதன் விலையை எண்ணித்தான் வருந்தினோம். மறு ஆண்டு அத்தா வஃபாத்தானபோதுதான் இழந்தது எதுவென்று விளங்கியது. இஹ்ராம் உடையில் பேரனின் தோளைப் பற்றி அவர் நின்ற படம் அந்தக் கைபேசியில்தான் இருந்தது. ஊரிலிருந்த உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய நான்கு படங்களே இன்று எஞ்சியுள்ளன. பெரிதாக்கிப் பார்த்தால் அத்தாவின் முகம் கலங்கிவிடுகிறது.

நடந்தது அல்லாஹ்வின் நாட்டமே. ஆயினும் நம் கவனக்குறைவை விதியின்மீது சுமத்திவிட்டு அமைதிகொள்ளலாமா? ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்கல் வைக்குமாறு நபிகளார் (ஸல்) அறிவுறுத்திய செய்தியை நாம் அனைவரும் அறிவோம். பாஸ்போர்ட்டுக்கு நகல் எடுக்கிறோம். பணத்தை இரண்டு பைகளில் பிரித்து வைக்கிறோம். படங்களை மட்டும் ஒரே கைபேசியில் விட்டுவிடுகிறோம்.

இதற்கு மடிக்கணினியோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. கைபேசியில் நேரடியாகச் செருகக்கூடிய ஓடிஜி பென்டிரைவ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கைபேசிப் படம் ஒன்று ஏறத்தாழ 4 எம்பி என்று கொண்டால், 1,000 படங்களுக்கு 4 ஜிபி போதும். 64 ஜிபி பென்டிரைவில் ஒரு குடும்பத்தின் முழுப் பயணமும் அடங்கும். காணொளிகள்தாம் இடத்தை விழுங்குபவை; அவற்றை அளவோடு எடுப்பது நன்று. பழைய ஐபோன் வைத்திருப்போர் அதற்குப் பொருந்தும் இணைப்பானை ஊரிலேயே வாங்கிச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இஷாவுக்குப் பின் அறைக்குத் திரும்பியதும் அன்றைய படங்களை நகலெடுக்கப் பத்து நிமிடம் போதும். நகலெடுத்தவற்றில் நான்கைந்தைத் திறந்து பார்த்துவிட வேண்டும். பென்டிரைவைக் கைபேசியுள்ள பையில் வைக்காமல் வேறொருவரின் பையில் வைக்க வேண்டும். பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும் அல்லவா?

இரண்டாவது பாதுகாப்பு இணையச் சேமிப்பு. கூகுள் கணக்கில் 15 ஜிபி வரையிலும், ஐகிளவுடில் 5 ஜிபி வரையிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கூகுளின் அந்த இடத்தை ஜிமெயிலும் பகிர்ந்துகொள்வதால், புறப்படும் முன் வேண்டாதவற்றை நீக்கி இடமுண்டாக்க வேண்டும். வைஃபையில் மட்டும் பதிவேறுமாறு அமைத்துவிட்டால் ரோமிங் கட்டணம் பற்றிய அச்சமில்லை. விடுதி வைஃபையில் இரவில் ஏறிவிடும். ஓர் எச்சரிக்கை: கூகுள் ஃபோட்டோஸ் செயலிக்குள் ஒரு படத்தை அழித்தால் இணையத்திலுள்ள நகலும் சேர்ந்து நீங்கிவிடும். கைபேசியில் மட்டும் இடம் வேண்டுமெனில், அதிலேயே அதற்கென உள்ள தனி வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோமே என்று நிறைவடைவோர் பலர். எங்கள் அனுபவம்தான் அதற்கு விடை. வழக்கமாக அனுப்பும் படத்தை அச்செயலி சுருக்கிவிடுகிறது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் படத்தின் தரம் குறையாது.

செலவைக் குறைக்க எண்ணி, முன்பின் அறியாத கடையிலோ விடுதியின் பொதுக் கணினியிலோ படங்களை நகலெடுப்பதை நாங்கள் ஏற்கவில்லை. அவற்றில் நம் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள், குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களது கண்ணியம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அயலார் கணினியில் ஒரு நகல் தங்கிவிட்டால் அதைத் திரும்பப் பெற வழியில்லை. சில நூறு ரூபாய் மிச்சத்திற்கு அது மிகப் பெரிய விலை.

இபாதத்துக்குச் சென்ற இடத்தில் படம் எதற்கு என்று கேட்கும் பெரியவர்களின் கவலையிலும் நியாயம் உண்டு. தவாஃபின்போது கைபேசியை உயர்த்திப் பிடித்துப் பின்னால் வருவோரைத் தடுப்பதை நாங்களும் வெறுக்கிறோம். உள்ளம் கஅபாவில் இருக்க வேண்டிய நேரத்தில் திரையில் இருப்பது பேரிழப்பு. குறைவாக எடுங்கள், எடுத்ததைப் பேணுங்கள். உஹது மலையடிவாரத்தில் தாயும் தந்தையும் சேர்ந்து நிற்கும் ஒரே ஒரு படம், எவரும் திரும்பிப் பார்க்காத ஐந்நூறு படங்களைவிட மேலானது.

எங்கள் அம்மா இன்றும் அந்த நான்கு படங்களைப் பார்த்துத்தான் அத்தாவுக்காக துஆ செய்கிறார். இவ்வாண்டு பெற்றோருடன் புறப்படவிருக்கும் குடும்பங்களிடம் நாங்கள் வேண்டுவது இதுவே: பயணப் பையில் ஒரு சிறு பென்டிரைவுக்கும் இடம் வையுங்கள். உங்கள் பயணத்தை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. பெற்றோருடன் நலமாகத் திரும்பச் செய்வானாக. ஆமீன்.