அரைகுறையாய்க் கொண்டு வாங்கோ

மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் மொன்றியலின் மேற்குத் தீவுப் பக்கம் இருக்கிற ஒரு தேவாலய மண்டபத்துக்குப் போகிறேன். கும்பிட இல்லை, தைக்க. அங்கே இருபத்தைந்து முப்பது பெண்கள் வருவார்கள். அநேகம் பேர் ஓய்வு பெற்றவர்கள். எனக்கு 26 வயது. அங்கே இருக்கிற ஒரே தமிழ்ப் பிள்ளையும் நான்தான்.

அது ஒரு குவில்ற் சங்கம். மேலே துண்டுத் துணிகளைப் பொருத்தித் தைத்த விரிப்பு, நடுவில் மெல்லிய பஞ்சு, கீழே ஒரு முழுத் துணி. மூன்றையும் சேர்த்துக் குத்தித் தைத்தால் குவில்ற். எங்கள் ஊர்ப் பிரெஞ்சில் கூர்த்புவாந்த். டவுன்ரவுனில், மக்கில் பல்கலைக்கழகத்துக்கு முன்னால் இருக்கிற மக்கோர்ட் அருங்காட்சியகத்தில் 1726 என்று ஆண்டு பொறித்த ஒரு பட்டுக் குவில்ற் இருக்கிறது. அவ்வளவு பழைய வேலை இது.

நான் ஏன் போனேன்? அம்மம்மா செத்த பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு சூட்கேஸ் வந்தது. உள்ளே பதினொரு சீலைகள். உடுக்கவும் ஆளில்லை, எறியவும் மனமில்லை. அவற்றை வெட்டிப் போர்வையாய்த் தைக்கலாம் என்று நினைத்தேன். வீடியோ பார்த்து நானே தொடங்கினேன். பட்டு வழுக்கியது, சதுரங்கள் கோணலாய்ப் போயின, ஒரு சீலை முழுக்கப் பழுதாய்ப் போனது. அந்தப் பழுதைப் பையில் போட்டுக்கொண்டுதான் முதல் நாள் போனேன்.

அங்கே ஒவ்வொரு கூட்டத்திலும் கொண்டு வந்ததை எழும்பிக் காட்டுகிற நேரம் ஒன்று உண்டு. முடித்ததை மட்டும் இல்லை, முடிக்காததையும் காட்டலாம். முடிக்காத வேலைக்குப் பகிடியாய் 'யு.எஃப்.ஓ' என்று பெயர். ஒரு அம்மா பன்னிரண்டு வருசமாய் முடிக்காத ஒன்றைத் தூக்கிக் காட்டினா. எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் நடுங்கிக்கொண்டு என் கோணல் சதுரங்களை எடுத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஐந்து பேர் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்கள்.

அன்றைக்கு ஒரு மணித்தியாலத்தில் நான் படித்தது இது. பட்டை வெட்ட முதல், அயன் பண்ணினால் ஒட்டுகிற மெல்லிய துணியைப் பின்பக்கம் ஒட்ட வேண்டும், அப்போது வழுக்காது. சரிகை ஊசியை மொட்டையாக்கும், ஆகவே ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் துடைத்துச் சாயம் போகுதா என்று பார்க்க வேண்டும். தையலுக்கு வெளியே எப்போதும் கால் அங்குலம் விட வேண்டும். அயன் பெட்டியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும். கடைசியில் பின்பக்கத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதித் தைக்க வேண்டும். காசு கேட்கவில்லை. 'இது கூடத் தெரியாதா' என்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேல் இல்லை, எங்கள் மேல்.

பன்னிரண்டு வயதில் ஒரு தமிழ் விழா மேடையில் 'பள்ளிக்கூடம்' என்று சொல்ல வந்து 'பல்லிக்கூடம்' என்று சொன்னேன். மண்டபம் முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு பல வருசம் மச்சாள்மாரோடு பிரெஞ்சில் மட்டும்தான் கதைத்தேன். இது என் கதை மட்டும் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் மண்டபங்களில் முடிந்த பொருளுக்கு மட்டும்தான் மேடை. அரங்கேற்றம் மேடையேறும், பாதியில் விட்ட மிருதங்கம் ஏறாது. பட்டமளிப்புப் படம் சுவரில் தொங்கும், ஃபெயிலான செமஸ்டரைப் பற்றி அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கதைப்போம். பிறகு 'பிள்ளையள் தமிழ் கதைக்கினம் இல்லை, நிகழ்ச்சிக்கு வருகினம் இல்லை' என்று கவலைப்படுகிறோம். பிழை விட இடமில்லாத இடத்துக்கு யார் வருவார்கள்?

பெற்றோரை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனமில்லை. என் அம்மா ஷபானெல் தெருவில் ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் பதினாலு வருசம் கொலர் தைத்தவ. தைத்த கணக்குக்குத்தான் காசு. அந்தத் தெரு ஒரு காலத்தில் மொன்றியல் உடுப்புத் தொழிலின் நடு மையம். கிரேக்கரும் இத்தாலியரும் எங்களைப் போல பிறகு வந்தவர்களும் அங்கே மெசினுக்கு முன்னால் இருந்தவர்கள். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 2005 இல் நீங்கிய பிறகு பல இடங்கள் மூடப்பட்டன. யாராவது கேட்டால் அம்மா 'கொம்பனியில வேலை' என்று மட்டும் சொல்லுவா. வந்த புதிதில் விழுந்ததைக் காட்டினால் மிதிப்பார்கள் என்று அவவுக்குப் பயம். அந்த மறைப்பு அவர்களைக் காப்பாற்றியது. ஆனால் எங்களுக்கு அதே மறைப்பு மூச்சு முட்டுகிறது.

அமெரிக்காவில் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டிக் குவில்ற் தைத்தவர்கள். குளிருக்குப் போர்க்கத் தைத்தது. 2002 இல் ஹியூஸ்டனிலும் நியூயோர்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களில் அவை தொங்கின. முழங்கால் தேய்ந்த துணியை அவர்கள் மறைக்கவில்லை. அதுதான் அந்த வேலையின் அழகு.

ஒரு நாள் என் சதுரங்களை அம்மாவுக்குக் காட்டினேன். 'உதுக்கோ கனடா வந்தனாங்கள்?' என்பா என்று எதிர்பார்த்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டு, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.

"நூல் ஓடுற பக்கம் பாத்து வெட்டேல்லையே? குறுக்கால வெட்டினா இழுபடும் பிள்ளை. இஞ்ச கொண்டா."

பதினாலு வருசத்து வித்தை. வீட்டிலேயே இருந்தது. நான் கேட்டதும் இல்லை, அவ சொன்னதும் இல்லை.

குவில்ற் சங்கம் ஒன்றும் சொர்க்கம் இல்லை. அங்கேயும் என் பெயரைச் சரியாய்ச் சொல்ல நாலு மாதம் எடுத்தது. இளம் ஆட்கள் வராததால் சங்கம் எவ்வளவு காலம் ஓடும் என்ற கவலை அவர்களுக்கும் உண்டு. ஆனால் அந்த ஒரு பழக்கத்தை நாங்கள் இரவல் வாங்கலாம்.

கோயில் மண்டபத்திலோ, பார்க் எக்ஸ்டென்ஷனில் யாரோ வீட்டுக் குசினியிலோ, மாதம் ஒரு மணித்தியாலம். விதி இரண்டே இரண்டு. முடிக்காத ஒன்றைக் கொண்டு வர வேண்டும். மற்றப் பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது. பாதி தெரிந்த வர்ணம், வாய்க்குள் நுழையாத ழகரம், ஒவ்வொரு முறையும் கல்லாய்ப் போகிற இடியப்ப மா, எழுதத் தொடங்கி நின்ற வேலை விண்ணப்பம், எதுவும் சரி. பெரியவர்களும் கொண்டு வர வேண்டும். அவர்களிடமும் அரைகுறை உண்டு, அம்மாவின் பிரெஞ்சு மாதிரி.

என் குவில்ற் இன்னும் முடியவில்லை. பதினொரு சீலையில் நாலுதான் வெட்டியிருக்கிறேன். ஐந்தாவதை வெட்ட அம்மா இன்னும் விடவில்லை. அது அம்மம்மா அவவின் கலியாணத்துக்கு உடுத்தது. அது முழுசாகவே இருக்கட்டும்.

வருகிற செவ்வாய்க்கிழமை அம்மாவும் என்னோடு வருகிறா. 'சும்மா பார்க்கத்தான்' என்று சொன்னா. ஆனால் நேற்று இரவு தன்னுடைய பழைய கத்தரிக்கோலைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்ததை நான் கண்டேன்.