போட்டோவில் இருந்து சிற்பம்!
கம்ப்யூட்டர் தடுமாறும் இடம் எது?

இங்கிலாந்து மன்னர் சார்லசின் தலை பொறித்த காசு, 2022 டிசம்பரில் புழக்கத்துக்கு வந்தது. அந்தத் தலையைச் செய்தவர் மார்ட்டின் ஜென்னிங்ஸ் என்ற சிற்பி. மன்னரின் போட்டோக்களைப் பார்த்து, முதலில் பிளாஸ்டரில் கையாலேயே அதை உருவாக்கினார். அதன் பிறகே கம்ப்யூட்டர் அதை அளந்து எடுத்தது. காசுக்கு ஏற்றபடி மேடு பள்ளம் சரி செய்யப்பட்டது.

ஒரு போட்டோவைக் கொடுத்தால் போதும். அதைப் புடைப்புச் சிற்பமாக மாற்றித் தரும் கம்ப்யூட்டர் இன்று உண்டு. மரத்திலும் கல்லிலும் எந்திரமே குடைந்து விடும். அப்படி இருக்க, கை எதற்கு?

பொட்டு ஓட்டை ஆகும்!

போட்டோவில் வெளிச்சம் இருக்கிறது, நிழல் இருக்கிறது. உயரம் இல்லை. மூக்கு எவ்வளவு எடுப்பு, கண் எவ்வளவு குழி என்பது அதில் கிடையாது.

"வெளுப்பான இடம் மேடு, கறுப்பான இடம் பள்ளம்" என்று வைத்துக்கொள்வது எளிய வழி. முகத்துக்கு அது சரிப்படாது. கருங்கூந்தல் கிணறு ஆகிவிடும். மீசை வாய்க்கால் ஆகும். நெற்றிப் பொட்டு ஓட்டை ஆகும். வெள்ளைப் பல்லோ துருத்திக்கொண்டு நிற்கும்!

200 தலைகள்

இதற்கு வேறு வழி கண்டார்கள், ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்த பிளான்ஸ், வெட்டர் என்ற 2 விஞ்ஞானிகள். 200 பேரின் தலைகளை லேசர் கதிரால் அளந்த கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஆண்கள் 100, பெண்கள் 100. அந்த அளவுகளைக் கலந்து, ஒரே ஒரு போட்டோவில் இருந்து முகத்தின் மேடு பள்ளத்தைக் கணக்கிட்டார்கள். இதை 1999-ல் வெளியிட்டார்கள்.

இன்றைய கம்ப்யூட்டர்கள் இன்னும் ஏராளமான முகங்களைப் பார்த்துப் பழகி இருக்கின்றன. ஆனாலும் அது ஊகம்தான். பார்த்துப் பழகாத சாயல் வந்தால் தவறிவிடும்.

அப்பளம் போன்ற முகம்

காசில் இன்னொரு சிக்கல். முழுத் தலையையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உயரத்தில் அடக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவாக அமுக்கினால், முகம் அப்பளம் போல ஆகிவிடும். கன்னத்தின் சரிவைக் குறைக்கலாம். இமையின் ஓரத்தைக் குறைத்தால் பார்வையே போய்விடும். எதைக் குறைப்பது, எதை விடுவது என்பதில்தான் சிற்பியின் கண் தேவைப்படுகிறது.

மன்னருக்குப் போட்டோக்கள் ஏராளம். காலமான தந்தைக்கு ஒரே ஒரு மங்கிய போட்டோதான் மிச்சம் என்றால்? கம்ப்யூட்டர் ஒரு முகத்தைத் தரும். அது அவர் முகம்தானா என்று சொல்ல, அவரோடு வாழ்ந்தவர்கள் வேண்டும். எந்திரம் கல்லைத் தொடும் முன்பே அவர்களிடம் காட்டிவிட வேண்டும். குடைந்த கல்லைத் திரும்ப நிரப்ப முடியாது!