பக்கத்து வீட்டு டிவிக்காக ஒரு முத்திரை

உங்கள் மோடத்தையோ பவர் அடாப்டரையோ திருப்பிப் பாருங்கள். எஃப்.சி.சி. என்ற முத்திரை பெரும்பாலும் இருக்கும். "அப்படியென்றால் ரேடியேஷன் உடம்பைப் பாதிக்காது, அப்படித்தானே சார்?" என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் கேட்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு அந்த முத்திரை வந்த கதையே வேறு. அது பக்கத்து வீட்டு டிவியைக் காப்பாற்றப் பிறந்தது.

1977-ல் அமெரிக்காவில் டி.ஆர்.எஸ்-80, ஆப்பிள் 2 போன்ற கம்ப்யூட்டர்கள் வீடுகளுக்குள் நுழைந்தன. கம்ப்யூட்டருக்குள் நொடிக்குப் பல லட்சம் தடவை மின்சாரம் ஏறி இறங்குகிறது. கேபிள்கள் அதை ஆன்டெனா மாதிரி வெளியே வீசும். டி.ஆர்.எஸ்-80 பக்கத்தில் ஏ.எம். ரேடியோவை வைத்து, அந்த இரைச்சலையே விளையாட்டுகளுக்குச் சத்தமாகப் பயன்படுத்தினார்கள்! வைத்திருப்பவருக்கு வேடிக்கை. அடுத்த வீட்டுக்காரருக்கு டிவியில் கோடு கோடாகப் படம்.

அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1979-ல் விதி கொண்டுவந்தது. அலுவலகக் கருவிகள் 'கிளாஸ் ஏ', வீட்டுக் கருவிகள் 'கிளாஸ் பி'. இன்றைய கிளாஸ் பி அளவு, 3 மீட்டர் தள்ளி அளந்தால், 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட். அடுத்து 216 வரை 150. ஏன் 88, ஏன் 216? அமெரிக்க டிவியில் 6-ம் சேனல் முடியும் இடம் 88, 13-ம் சேனல் முடியும் இடம் 216! அலுவலகத்துக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு தளர்வு உண்டு.

தகர உறை, ஃபில்டர் எல்லாம் தயாரிப்பாளருக்குச் செலவுதான். ஆனாலும் சட்டம் போட்டது சரி என்பேன். அடுத்த வீட்டு டிவிக்காக யார் கூடுதல் பணம் கொடுத்துக் கம்ப்யூட்டர் வாங்குவார்? முதல் டி.ஆர்.எஸ்-80 மாடல் இந்த விதிக்குள் அடங்காததால் 1981 ஜனவரியில் அமெரிக்க விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று.

எனக்குள்ள குறை ஒன்றுதான். மாதிரிக் கருவியை லேபில் சோதிக்கும்போது கேபினட் ஒழுங்காக மூடியிருக்கும். நம் வீட்டில்? எனக்கு அசெம்பிள் செய்து கொடுத்த கடைக்காரர் பின்பக்க ஸ்லாட் தகடுகளைக் கழற்றிவிட்டு, "காற்று போகட்டும் சார்" என்றார். ரேடியோ பக்கத்தில் இரைந்தபோதுதான் எனக்கு உறைத்தது. திரும்பப் போய்க் கேட்டு வாங்கி மாட்டினேன். நான்கு கிடைத்தன. ஐந்தாவதைத் தேடிக்கொண்டிருக்கிறார்.