சுட்டெண்ணை ஒளிக்காதீர்

பைத்தான் மொழியில் ஒரு பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்க இரு வழிகள் உண்டு. ‘பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும்’ என்று நேரே மடக்கை ஓட்டலாம். அல்லது 0, 1, 2 எனச் சுட்டெண்ணை நகர்த்தி, அந்தந்த இடத்தில் இருப்பதை எடுக்கலாம். முன்னதே அழகு, பின்னது பழைய பாணி, புதிதாய்க் கற்பவர் அதைத் தொடவே வேண்டாம் என்பார் பலர். இக்கருத்தை நான் ஒப்பவில்லை.

மதிப்பெண்கள் நான்கு: 72, 20, 18, 60. நாற்பதுக்குக் குறைந்தவற்றை நீக்க வேண்டும். நேர்வழி மடக்கை எழுதி, அதற்குள்ளேயே நீக்கிப் பாருங்கள், நண்பர்களே. மிஞ்சுவது 72, 18, 60! தேறாத 18 எப்படித் தப்பியது? பிழைச்செய்தி ஏதும் வராது. உண்மையில் அந்த மடக்குக்குள்ளும் ஒரு சுட்டெண் ஒளிந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 1 என்ற இடத்திலிருந்த 20 போனதும், 18 அங்கே நகர்ந்துவிடுகிறது. சுட்டெண்ணோ 2க்குப் போய்விடுகிறது. 18ஐ யாரும் பார்ப்பதேயில்லை. மதிப்பெண் பட்டியலுக்குப் பதில் மருந்துப் பட்டியலாயிருந்தால்?

இதே தவற்றைச் சுட்டெண் கொண்டு செய்தால் நடப்பது வேறு. தொடக்கத்திலேயே நீளம் 4 என்று கணக்கிட்டு மடக்கு 3 வரை செல்லும். அந்த இடமோ இப்போது இல்லை. எல்லை கடந்துவிட்டாய் என்று கணிப்பொறி கூச்சலிட்டு நின்றுவிடும். மௌனமாய் ஏமாற்றும் பிழையைவிடக் கூச்சலிடும் பிழை எவ்வளவோ மேல். பின்னாலிருந்து 3, 2, 1, 0 என்று வந்தால் இரண்டும் ஒழுங்காக நீங்கும். சுட்டெண்ணை அறிந்தவனுக்கே இது தோன்றும். தேறியவற்றைப் புதுப் பட்டியலில் சேர்ப்பதே நல்லது என்பார்கள், சரிதான். ஏன் நல்லது என்று மாணவனுக்குத் தெரிய வேண்டாமா?

பூச்சியத்தில் தொடங்குவது குழப்பும் என்பது இன்னொரு குறை. ஃபோர்ட்ரான் மொழியில் வழக்கமாக 1 முதல்தான் எண்ணினார்கள். ஆனால் சுட்டெண்ணை ‘எத்தனையாவது’ என்று கொள்ளாமல் ‘தனக்கு முன்னே எத்தனை பேர்’ என்று கொண்டால் குழப்பம் தீர்ந்தது. வரிசையில் முதலில் நிற்பவருக்கு முன்னால் யாருமில்லை, ஆகவே 0. பூச்சியமே பொருத்தம் என்று டைக்ஸ்ட்ரா 1982இல் ஒரு சிறு குறிப்பே எழுதினார்.

வெறுமனே அச்சிடுவதற்கு நேர்வழி போதும், மறுக்கவில்லை. இடமும் பொருளும் சேர்ந்து வேண்டுமென்றால், 2003இல் வந்த 2.3 பதிப்பு முதல் எனுமரேட் இருக்கிறது. இவையெல்லாம் பிறகு வரட்டும். முதல் இரண்டு வாரம் தாளில் கட்டம் போட்டு, எண்களை எழுதி, விரலை நகர்த்திக் கற்பிக்கட்டும். ஆய்வகத்தில் மின்சாரம் இல்லாத நாளிலும் அந்தப் பாடம் நடக்கும்.